திருப்புளி மேடமும் எரியாத சிவப்பு விளக்கும்

நான்கு தலைமையாசிரியர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, நடுவில் ஒரு பெட்டிச் சாமானைக் கொட்டி, "இதை ஒண்ணா சேர்த்துக் காட்டுங்க" என்று சொன்னால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றும் நடக்காது. நான்கு பேரும் மேற்பார்வை பார்ப்பார்கள். ஒருவர், "அந்தச் சிவப்பு ஒயரை எடுங்க சார்" என்பார். இன்னொருவர், "முதல்ல எல்லாத்தையும் வரிசையா அடுக்கிடலாம்" என்பார். மூன்றாமவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நாலாமவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். சிவப்பு ஒயர் கிடந்த இடத்திலேயே கிடக்கும். வருஷக்கணக்கில் அடுத்தவரை வேலை வாங்கியே பழகிப்போன கைகள் அவை, தாமாக நீளா.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். எங்கள் மையத்தின் வேலையே பள்ளித் தலைமையாசிரியர்களைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுப்பதுதான். புதுக் கருவிகளையும் கையால் செய்து கற்கும் பாடத்தையும் வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பது பயிற்சி. அதில் கணினிப் பாதி என்னுடையது. செய்முறைப் பாதி திருப்புளி மேடத்துடையது. நான் எழுந்துபோய் அந்த ஒயரை மாட்டித் தொலைத்துவிடலாமா என்று துடித்துக்கொண்டிருப்பேன். மேடமோ ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, கன்னத்தில் கைவைத்து, சினிமா பார்க்கிற மாதிரி அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"போய்ச் சொல்லிக் குடுங்கக்கா, பாவமா இருக்கு" என்பேன் காதோடு.

"சும்மா இரு தம்பி. யாரு முதல்ல கைய வைக்கிறாங்கன்னு பாக்கணும்."

"யாருமே வைக்கலைன்னா?"

"அப்ப அதையும்தான் பாக்கணும்."

இதுதான் அவர். அவருக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சந்தேகம் வரும், ஏன் இப்படி நடக்கிறது என்று. ஒரு நாள் முழுக்க அந்தச் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்க அவரால் முடியும். எனக்கு அரை மணி நேரம் முடியாது.

பெயர்க் காரணம் பெரிய ரகசியமில்லை. அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு திருப்புளி இருக்கும். முதல் அணியாக வந்த தலைமையாசிரியர்கள் அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் அது. தெரிந்தபோது அவர் சங்கடப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்லவேளை, சுத்தியல்னு வைக்கலை" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், பேச்சில் சிக்கனக்காரர். ஒரு முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்தில் மிக்ஸி அக்குவேறு ஆணிவேறாகப் பிரிந்து கிடந்தது. மாமியார் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "நல்லா ஓடிட்டு இருந்ததுப்பா. சத்தம் ஏன் மாறுதுன்னு பாக்கிறேன்னு உக்காந்தா. இப்ப சத்தமே இல்ல" என்றார். கணவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பிழை இல்லாத இடத்துலயும் திருத்துவா" என்றார். மேடம் இருவரையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் ஒரு குட்டி ரப்பர் வளையத்தை வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் மிக்ஸி ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் என்னிடம் சண்டைக்கு வருவார்.

முன்பு அவர் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். புத்தகத்தில் 'நீளம் அளத்தல்' என்று ஒரு பாடம் வந்தது. பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நூலைக் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் எதை வேண்டுமானாலும் அளந்து வாருங்கள் என்று அனுப்பினார். எல்லோரும் நாற்காலி, மேசை, கரும்பலகை என்று போக, ஒரு கூட்டம் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குள் போய் அவருடைய அறையையே அளக்க ஆரம்பித்துவிட்டது. ஒருவன் மேசைக்கு அடியில் ஊர்ந்து அவருடைய செருப்பையும் சேர்த்து அளந்தான். அன்றோடு நூல் பாடத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. "இனிமே எல்லாம் கரும்பலகையிலயே அளங்க" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், அல்லது திட்டியிருப்பார்கள். மேடத்துக்கு மட்டும் ஒரு கேள்வி வந்தது. டீச்சர்களுக்குத்தான் வருஷா வருஷம் பயிற்சி, பயிற்சி என்று கொடுக்கிறார்கள். ஆனால் கதவைத் திறப்பதும் சாத்துவதும் வேறொருவர் அல்லவா? அவருக்கு யார் பயிற்சி கொடுப்பது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் மையத்துக்குத் தற்காலிக மாற்றலில் வந்து சேர்ந்தார். பழைய பள்ளியில் அவருடைய இடம் அப்படியே இருந்தது. அந்தத் தலைமையாசிரியரும் அப்படியே இருந்தார்.

இனி விசில் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து தலைமையாசிரியராக உயர்ந்தவர். நாற்காலி மாறியும் சட்டைப்பையில் விசில் மாறவில்லை. பயிற்சிக்கு வந்த முதல் நாள், தேநீர் இடைவேளையில் பேச்சுச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று பழக்க தோஷத்தில் விசிலை ஊதிவிட்டார். அத்தனை தலைமையாசிரியர்களும் சட்டென்று வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன், பொய் சொல்ல மாட்டேன்.

அவருடைய மேசையிலும் வழக்கம் போலவே நான்கு மேற்பார்வையாளர்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியது மண்ணின் ஈரம் காட்டும் கருவி. இரண்டு கம்பிகள், ஒரு சின்ன மின்பலகை, ஒரு பேட்டரி, குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. கம்பிகளை மண்ணில் செருகினால், மண் காய்ந்திருந்தால் விளக்கு எரியும். ஈரமாக இருந்தால் எரியாது. அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் தொடவில்லை. மேடம் ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் விசில் சார்தான், "சே, இது என்ன மானங்கெட்ட பொழப்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒயரைக் கையில் எடுத்தார்.

எடுத்தவர் பிறகு கீழே வைக்கவில்லை. விளக்கு எரிந்ததும் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மையத்தின் தோட்டம் முழுக்க ஓடி ஓடிக் குத்திப் பார்த்தார். நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி என்று கத்திச் சொன்னார். பிஸ்கட்டில் குத்தினார். என் தேநீர்க் கோப்பையில் குத்தினார். நான் முறைத்ததும், "அணைஞ்சிருச்சு பாத்தீங்களா சார்" என்று எனக்கே பாடம் எடுத்தார். மேடம் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். பயிற்சி முடிந்து போன பிறகும் வாராவாரம் விசில் சாரிடமிருந்து மேடத்துக்கு போன் வரும். அந்த அணியில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புது இயக்குநர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். எங்கள் அறைக்கு வந்து, ஸ்டூல்களையும் திருப்புளிகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு நியாயமான ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"ஒரு தடவைக்கு எத்தனை பேர இங்க உக்கார வைக்க முடியும்?"

"ஒரு முப்பது பேர் சார்" என்றார் மேடம்.

"இதையே வீடியோவா எடுத்து அனுப்பினா ஒரே நாள்ல எல்லா ஸ்கூலுக்கும் போயிடும். அவங்கவங்க போன்ல பாத்துக்குவாங்க. இங்க வந்து ஒயரு மாட்டிட்டு இருக்க வேண்டாம்."

நான் தலையை ஆட்டினேனா என்று கேட்காதீர்கள். வீடியோ எடுப்பது என் வேலையாக இருந்திருக்கும். மேடம் மட்டும், "பாத்தா வந்துடுமா சார்?" என்று கேட்டார். எதிர்ப்பாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "சரி, ஒண்ணு பண்ணலாம். ஒரே ஒரு ஸ்கூல காட்டுங்க. உங்க பயிற்சி அங்க வகுப்புக்குள்ள போயிருக்குன்னு என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா தொடரலாம். இல்லன்னா அடுத்த மாசத்துல இருந்து வீடியோதான். நீங்களும் உங்க பழைய ஸ்கூலுக்கே போயிடலாம்."

பழைய ஸ்கூல் என்றால் எது, யார் என்பது எனக்குத் தெரியும். மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலை தேநீர் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

எந்தப் பள்ளியைக் காட்டுவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. விசில் சாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார் மேடம். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. பிறகு, "மேடம், நீங்க கவலையே படாதீங்க. என்கிட்ட விட்டுடுங்க" என்றது குரல். போனை வைத்த மேடத்தின் நெற்றி சுருங்கியது.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. 'எத்தனை பேர் வருவாங்க, எங்க உக்கார வைக்கணும்'னு மட்டும்தான் கேட்டாரு. வழக்கமா மண்ண பத்திதான் பேசுவாரு."

பார்வையிடக் குறித்த நாளில் இயக்குநரின் காரில் மூவரும் போனோம். பள்ளி வாசலிலேயே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, அவ்வளவு சுத்தம். வகுப்பறையில் பிள்ளைகள் துவைத்த சீருடையில், படிய வாரிய தலையுடன், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நீள மேசை. அதன்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி வரிசையாகப் பூந்தொட்டிகள். இலைகள் பளபளத்தன. விசில் சார் புதுச் சட்டையில் கையைப் பிசைந்தபடி நின்றார்.

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். ஏழாம் வகுப்பு. கணீரென்ற குரல்.

"மதிப்பிற்குரிய விருந்தினர்களே, இது மண்ணின் ஈரம் காட்டும் கருவி. இதன் இரண்டு கம்பிகளையும் இந்தத் தொட்டியில் செருகுகிறேன். மண் காய்ந்திருப்பதால், இதோ, சிவப்பு விளக்கு எரிகிறது. எனவே செடிக்கு நீர் தேவை என்று அறிகிறோம்."

உடனே இன்னொரு பிள்ளை குவளையோடு வந்து தொட்டியில் தண்ணீர் ஊற்றியது. தண்ணீர் விளிம்பு தாண்டி மேசையில் வழிந்தது. வகுப்பு முழுவதும் ஒரே தாளத்தில் கைதட்டியது.

விளக்கு எரியவில்லை.

நான் நன்றாகப் பார்த்தேன். எரியவே இல்லை. பக்கத்தில் இயக்குநரைப் பார்த்தேன். அவர் செல்போனில் யாருக்கோ பதில் அடித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் கேட்டதும் நிமிர்ந்து, அவரும் இரண்டு தட்டு தட்டி, "ரொம்ப நல்லா இருக்கு. இதத்தான் நான் எதிர்பாத்தேன்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. முடிந்தது, பயிற்சி பிழைத்தது, கிளம்ப வேண்டியதுதான். திரும்பினால், மேடம் எழுந்து மேசைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். 'உக்காருங்கக்கா, கோடி புண்ணியமாப் போகும்' என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஏம்மா, இன்னொரு தடவ செய்றியா?"

அந்தப் பெண் அடுத்த தொட்டியில் செருகினாள். அதே குரல். "மண் காய்ந்திருப்பதால், இதோ, சிவப்பு விளக்கு எரிகிறது."

"எரியுதா?"

அவள் கருவியைப் பார்த்தாள். அப்புறம் தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினார்.

"எரியுது மேடம்."

சொல்லிவிட்டு மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எரியற மாதிரி தெரியலையேம்மா" என்றார் மேடம்.

விசில் சார் விரைந்து முன்னால் வந்தார். "கருவி கொஞ்சம் மக்கர் பண்ணுது மேடம். வேற ஒண்ணு எடுத்துட்டு வரேன்."

"வேற வேண்டாம் சார். இது ஏன் எரியலைன்னு பாக்கலாமே."

"விடுங்க மேடம்" என்றார் இயக்குநர். "எனக்கு இன்னொரு இடத்துக்குப் போகணும்."

"ஒரு நிமிஷம் சார்." அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி நீ இத செஞ்சு பாத்திருக்கியா?"

"தினமும் சாயங்காலம் செய்வோம் மேடம்."

"அப்பல்லாம் எரிஞ்சுதா?"

"அப்ப பென்சில் மேடம்."

"பென்சிலா?"

"ரெண்டு பென்சில வெச்சுத்தான் குத்துவோம். கருவிய எடுத்தா கெட்டுப்போயிடும்னு பீரோவுல இருந்துச்சு. இன்னிக்குக் காலைலதான் கைல குடுத்தாங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கையால் செய்து கற்கும் பாடத்துக்கு, கையில் ஒன்றுமில்லாமல் ஒத்திகை. உலகத்தில் தலைமையாசிரியர்களுக்கு மட்டும்தான் இது தோன்றும். ஆனால் விசில் சாரைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. என் தேநீரில் குத்திப் பார்த்த அதே மனிதர். பயிற்சியில் குழந்தையாக ஓடியவர், தன் நாற்காலிக்குத் திரும்பியதும் மறுபடி தலைமையாசிரியர் ஆகிவிட்டார். விருந்தாளி வருகிறார் என்றால் வரிசை, சுத்தம், ஒரே குரல். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

"உங்களுக்காகத்தான் மேடம் செஞ்சேன்" என்றார் அவர். "உங்க பயிற்சி நின்னுடக்கூடாதேன்னு. ஒரு சின்னத் தப்புகூட வந்துடக்கூடாதேன்னு."

எல்லோருக்கும் கேட்டது. இயக்குநருக்கும்தான். மேடத்தின் கண் கலங்கிவிட்டது. "தெரியும் சார்" என்றார். "எனக்குத் தெரியாதா?" ஆனால் நகரவில்லை. மேசை உயரத்துக்குக் குனிந்து, அந்தப் பெண்ணின் பக்கத்தில் முழங்காலிட்டுக்கொண்டார்.

"விளக்கு இதுல எங்க இருக்குன்னு தெரியுமா?"

"இந்தச் சிவப்புப் புள்ளியா மேடம்?"

"அதேதான். ஏன் எரியலைன்னு நினைக்கிற?"

பேட்டரிதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அந்தப் பெண் கம்பியை வெளியே இழுத்து, மறுபடி இன்னும் ஆழமாக அழுத்தினாள். விரலில் மண் அப்பிக்கொண்டது. பாவாடையில் துடைக்கப் போனவள் பாதியில் நின்றாள். விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், முழு விரலையும் தொட்டிக்குள் விட்டாள்.

"மண்ணு ஈரமா இருக்கு மேடம்."

பக்கத்துத் தொட்டிக்கு ஓடினாள். அதற்கடுத்ததிலும் விட்டுப் பார்த்தாள். "எல்லாமே ஈரமாத்தான் இருக்கு."

"காலைல நான்தான் ஊத்தினேன்" என்றார் விசில் சார் தயங்கித் தயங்கி. "விருந்தாளிங்க வர்ற நேரத்துல செடி வாடிப்போய் நின்னா நல்லா இருக்காதுன்னு..."

அந்தப் பெண் கருவியைக் கையில் எடுத்து முதன்முறையாகப் பார்ப்பது போல் பார்த்தாள். "அப்ப இது சரியாத்தான் சொல்லியிருக்கு மேடம்" என்றாள் மெதுவாக. "நாங்கதான் தப்பா சொல்லிட்டு இருந்தோம்."

பேட்டரி என்று முடிவு கட்டியிருந்தவன் நான்.

"காஞ்ச மண்ணுல வெச்சா எரியுமா மேடம்?"

எரியும் என்பது மேடத்துக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். "வெச்சுப் பாத்தாதானே தெரியும்" என்றார்.

அவ்வளவுதான், வகுப்பு கட்டவிழ்ந்தது. ஒரு பெஞ்சு சாய்ந்தது. பீரோவிலிருந்து வந்த மற்ற கருவிகளையும் அள்ளிக்கொண்டு பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். விசில் சாரின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. என்ன நினைத்தாரோ, எடுக்கவில்லை. அவரும் வெளியே வந்து தூணோரம் நின்றார். சுற்றுச்சுவர் பக்கம், வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணில் யாரோ முதலில் செருக, "எரியுது, எரியுது" என்று ஒரு கூச்சல் எழுந்தது. இந்த முறை அதில் தாளம் இல்லை. ஆளுக்கொரு நேரத்தில் கத்தினார்கள். குழாயடியில் எரியவில்லை என்று ஒரு கூட்டம், மரத்தடியில் ஒரு பக்கம் எரிகிறது மறுபக்கம் எரியவில்லை என்று ஒரு கூட்டம்.

இயக்குநர் தாழ்வாரத்துக்கு வந்து நின்றார். அவருடைய முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டேன். பள்ளியில் பயிற்சி எங்கே போயிருக்கிறது? பீரோவுக்குள் போயிருக்கிறது. அது இப்போது வெட்ட வெளிச்சமாகிவிட்டது, அதுவும் மேடத்தின் கையாலேயே.

இரட்டைச் சடைப் பெண் மூச்சிரைக்க எங்களிடம் ஓடி வந்தாள். கையெல்லாம் மண். மேடத்திடம்தான் வந்தாள், ஆனால் இயக்குநரைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்கு ஏதோ நினைவுக்கு வந்துவிட்டது.

"சார், நீங்க ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னீங்களே. அப்ப வெளக்கு எரியலையே. உங்களுக்குத் தெரியலையா சார்?"

வம்புக்குக் கேட்கவில்லை. ஒரு தொட்டிக்கு அப்புறம் அடுத்த தொட்டியில் விரலை விட்டுப் பார்த்த மாதிரியே கேட்டாள். தூணோரம் நின்றிருந்த விசில் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தை மிகுந்த அக்கறையுடன் பார்த்தேன்.

இயக்குநர் கையிலிருந்த செல்போனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நான் பாக்கலம்மா" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு மைதானத்துக்குத் திரும்பி ஓடிவிட்டாள். அவளுக்கு வேலை இருந்தது. நாங்கள் மூவரும்தான் போக இடமில்லாதவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் காரில் பாதி தூரம் வந்த பிறகு இயக்குநர், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"எதிர்ல உக்காந்துக்கிட்டே நான் பாக்கல மேடம். போன்ல அனுப்பிட்டா மட்டும் அவங்க பாத்துடுவாங்களா என்ன?"

மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த பேட்ச் எப்ப?"

"நீங்க சொன்னா ஆரம்பிக்கலாம் சார்."

"ஆரம்பிங்க. கருவிய பீரோவுல வைக்கக்கூடாதுன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிப் பிரயோஜனம் இல்ல சார்" என்றார் மேடம். "ஏன் வைக்கிறாங்கன்னுதான் முதல்ல பாக்கணும்."

மையத்தின் வாசலில் இறங்கி, கார் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். கோபம் எனக்கு அடங்கவே இல்லை. "அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் இயக்குநர்கிட்ட அப்படிக் கேக்கலைன்னா நம்ம பயிற்சி என்ன ஆயிருக்கும்? அதுக்கு முன்னாடியே எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருந்தது. ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதாக்கா?"

"இருந்திருக்கலாம்தான்" என்றார். "எனக்கும் உள்ளுக்குள்ள நடுக்கம்தான் தம்பி. அந்த சார் மூஞ்சியப் பாக்கவே முடியல. ஆனா அந்தப் பொண்ணு எரியலைன்னு தன் கண்ணால பாத்தா. பாத்துட்டு, எரியுதான்னு நம்ம மூஞ்சில தேடினா. அதுக்கப்புறம் எப்படி உக்காந்திருக்கிறது?"

வாயாடி என்று பெயரெடுத்த நான், அவருடைய கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

விசில் சாரிடமிருந்து மட்டும் போன் வரவில்லை. மேடம் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை. அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. புது அணிக்குச் சாமான் பிரித்து வைக்கும்போதுகூட, "அவரு என்ன நினைச்சிட்டு இருப்பாரு தம்பி?" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். தன்னைக் காப்பாற்ற நினைத்த மனிதரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற வேதனை. நான் என்ன சமாதானம் சொன்னாலும் பூசி மெழுகுகிறேன் என்றே நினைத்தார்.

புது அணியின் முதல் நாள் காலை. நான்கு நான்கு பேராக உட்கார்ந்து மேற்பார்வை ஆரம்பமாகிவிட்டது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவசரமாக எடுத்தார். அந்த அவசரத்தில் விரல் பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"மேடம், ஒரு கருவி உடைஞ்சு போச்சு." குரல் ரொம்பவும் சுரத்தில்லாமல் இருந்தது.

"யாரு கையில சார்?"

பின்னால் பிள்ளைகள் சத்தம் இரைச்சலாகக் கேட்டது.

"என் கையிலதான் மேடம். மேல காஞ்சிருக்கே, எவ்வளவு ஆழத்துக்குப் போனா ஈரம் வரும்னு பசங்களுக்குள்ள ஒரு பந்தயம். விளக்கு எப்ப அணையும்னு பாக்கிறதுக்காக நான் கொஞ்சம் பலமா அழுத்திட்டேன். கம்பி ஒடிஞ்சிருச்சு."

மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

"அணைஞ்சுதா சார்? எவ்வளவு ஆழத்துல?"

"அதுக்குள்ளதான் ஒடிஞ்சிருச்சே மேடம். ஒரு நிமிஷம், அப்புறம் கூப்பிடவா? இன்னொண்ண எடுத்துட்டு இப்பத்தான் மறுபடி போறோம்."